ஜேடர்பாளையம் போகிறீர்களா? அணையோடு நின்றுவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படுகை அணையில் இறங்கி, குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, அண்ணா பூங்காவில் பிள்ளைகளைச் சற்று விளையாடவிட்டு, மூன்று மணிக்கு வண்டியேறுகிறவர்கள்தான் இங்கே அதிகம். குறை சொல்லவில்லை. ஆனால் அணையில் திரும்பும் காவிரித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் வந்தால், பாதி ஊரைப் பார்க்காத கணக்குதான்.

வாய்க்காலில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் வியாழக்கிழமை நண்பகலில் பேராலய வாசலில் கூட்டம் நெரியும். துரியா ஆற்று வாய்க்கால் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கறுப்பு அங்கியோடு வட்டமாக உட்கார்ந்து, தண்ணீர்த் தகராறுகளை வாய்ப்பேச்சிலேயே தீர்க்கிற நீதிமன்றம் அது. 2009இல் யுனெஸ்கோ அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல வாரம் வழக்கே வராது, சில நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள். அதைப் பார்க்க உலகம் திரண்டு போகிறது. இந்த அணையிலிருந்து பிரியும் நம் ராஜா வாய்க்காலை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

வார நாளில், காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். ஆடிப்பெருக்கன்று கூட்டம் தாங்காது. முளைப்பாரியும் வழிபாடும் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் அன்று வரலாம். குளிப்பதானால், வழக்கமாகக் குளிக்கும் இடம் எது என்று ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீர் வழியும் கல்லில் பாசி வழுக்கும், ஆற்றுக்குள் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மேட்டூரில் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் கரையோடு சரி. குடித்துவிட்டு ஆற்றில் இறங்குகிறவருக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

அப்புறம் வாய்க்கால் தலைப்புக்கு நடங்கள். காவிரியை இங்கே மறித்து ராஜா வாய்க்காலை வெட்டியவர் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் என்கிறது வட்டார வரலாறு; ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. இந்தத் தண்ணீர்தான் குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களுக்கும் போகிறது. கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. டூவீலர் இருந்தால் நல்லது. காரில் போனால், எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும்போது ஒதுங்க இடமிருக்காது. பராமரிப்புக்காகத் தண்ணீர் நிறுத்தும் நாட்களும் உண்டு, முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரும்புக் காட்டைத் தாண்டிப் புகை தெரிந்தால் அங்கே வெல்ல ஆலை ஓடுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான். ஆலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காய்ந்த சக்கையை எரித்துக் கொப்பரையில் சாறு காய்ச்சுகிறார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அள்ளி எடுப்பார்கள். பாகு பதமானதும் கொட்டி ஆறவைத்து உருண்டை பிடிப்பதோ அச்சில் வார்ப்பதோ மளமளவென்று நடக்கும். குழந்தையைக் கொப்பரைப் பக்கம் விடவே வேண்டாம்.

வெல்லம் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த வட்டாரத்தில் சர்க்கரையும் ரசாயனமும் கலந்ததாக உணவுப் பாதுகாப்புத் துறை பறிமுதல் செய்ததுண்டு. பளீரென்ற மஞ்சளைவிடப் பழுப்பேறிய வெல்லம் நம்பகம். கண்ணெதிரே காய்ச்சியதை வாங்கினால் அதுவே மேல். மொத்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் பக்கத்திலுள்ள பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகலாம். 30 கிலோ சிப்பங்களாக அடுக்கியிருப்பார்கள். ஏலம் எந்தக் கிழமை என்று ஆலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் மீன் சாப்பாடு. எடை போட்டு, உங்கள் முன்னாலேயே மசாலா தடவச் சொல்லுங்கள். விலையை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கோயிலுக்கும் போகிறவர்கள் இதற்கு முன்பே கபிலர்மலை முருகனைப் பார்த்துவிடட்டும். உச்சிக்குப் பிறகு நடை சாத்தியிருக்கும்.

மாலை நாமக்கல் வழியாகத் திரும்புகிறவர்கள், மேற்கூரை இல்லாமல் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். எதிரே நரசிம்மர் குடைவரையில் இரணிய வதம், வராகர், திரிவிக்கிரமர் என்று எட்டாம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இருக்கின்றன. அதே பாறையின் மறுபுறத்து அரங்கநாதர் குடைவரைக்குப் படியேற வேண்டும், வெல்லப் பையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.