பக்கத்தில் விமான நிலையம், லாரியில் முருங்கைக்காய்

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை வாங்கித் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அனுப்புகிறேன். மதுரை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் என் பெட்டிகள் ராத்திரி லாரியில் திருச்சிக்கோ கொச்சிக்கோதான் போகின்றன. வளைகுடா சரக்கு விமானக் கம்பெனி ஒன்று மதுரையில் இறங்கத் தயார், சுங்கத்துறையில்தான் கோப்பு தூங்குகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். நிஜமா? அதை நம்பி மதுரை ரோட்டில் பேக் ஹவுஸ் கட்டலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சுங்கத்துறையைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்த வரிசையில் அவர்கள் ரொம்பப் பின்னால் நிற்பவர்கள். முதலில் கேட்க வேண்டியது, விமானம் யாருடையது என்பதைத்தான்.

ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டுக் கம்பெனி அங்கே அட்டவணை போட்டு விமானம் விட முடியாது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. அந்த அனுமதியை அரசுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்கின்றன. எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று ஊர்ப்பெயரோடு பட்டியல் போடுகிறார்கள். இந்தியக் கம்பெனிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சுங்க வசதி உள்ள எந்த ஊரிலிருந்தும் அது வெளிநாட்டுக்குப் பறக்கலாம். அயல்நாட்டுக் கம்பெனிக்குப் பட்டியலில் உள்ள ஊர் மட்டும்தான். ‘மதுரையைப் பட்டியலில் சேருங்கள்’ என்று தென்மாவட்ட வணிகர்கள் பல வருஷமாக டெல்லிக்கு மனு கொடுத்து வருவது இதற்காகத்தான். 2012-இலேயே மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே சுங்கத்துறை அங்கே புதிதாக வர வேண்டியதில்லை.

சரக்குக்கு மட்டும் ஒரு தனிவழி இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியா சரக்கு விமானங்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டது. எந்த நாட்டுச் சரக்கு விமானமும் சுங்க வசதி உள்ள ஊருக்கு வந்து ஏற்றிப் போகலாம் என்ற நிலை முப்பது வருஷம் நீடித்தது. 2020-இல் அதைச் சுருக்கினார்கள். அட்டவணை இல்லாமல் வரும் அயல்நாட்டுச் சரக்கு விமானங்களுக்கு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என ஆறே ஊர்கள் என்றானது. கொச்சிகூட அதில் இல்லை! வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பங்கை அயல் கம்பெனிகளே சுமக்கின்றன, நம் கம்பெனிகளும் வளர வேண்டும் என்பது அரசின் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கான விலையைப் பெருநகரங்கள் கொடுக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள்தான் லாரி வாடகையாகக் கொடுக்கிறீர்கள் என்பது என் கருத்து.

ஆக, நீங்கள் கேள்விப்பட்ட வளைகுடாக் கம்பெனிக்கு வேண்டிய கையெழுத்து சுங்க அலுவலகத்தில் கிடைக்காது.

தரையிலும் வேலை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஊர் சுங்க விமான நிலையமாக இருந்தால் மட்டும் போதாது. சரக்குக் கூடத்தைத் தனியாகச் சுங்கப் பகுதியாக அறிவிக்க வேண்டும். சரக்குக்குப் பொறுப்பேற்கும் பாதுகாவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். எக்ஸ்ரே, ஆள், கதவு எல்லாவற்றுக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் ஒப்புதல் தர வேண்டும். சுங்க அதிகாரிகளை அங்கே அமர்த்தும் செலவைப் பெரும்பாலும் அந்தப் பாதுகாவலர்தான் ஏற்க வேண்டியிருக்கும். விமானம் வருமா என்று தெரியாமல் யார் அந்தச் செலவை ஏற்பார்கள்? கூடம் தயாராகாமல் எந்தக் கம்பெனி விமானம் அனுப்பும்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் சேரும்: அங்கே சரக்கு கொண்டுபோகும் விமானக் கம்பெனி, புறப்படும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக ஐரோப்பியப் பாதுகாப்பு அங்கீகாரம் வாங்க வேண்டும்.

சரி, எல்லா அனுமதியும் நாளைக்கே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இண்டிகோ 2022-இல் சரக்குக்கென்று கொண்டுவந்த ஏ321 விமானம் ஒன்றே சுமார் 27 டன் ஏற்றும். முருங்கையும் மல்லிகையும் கறிவேப்பிலையும் சேர்ந்து வாரந்தோறும் அதை நிரப்புமா? நிரப்பினாலும், துபாயிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது எதை ஏற்றி வருவது? காலியாகத் திரும்பும் விமானத்தின் எரிபொருள் செலவும் உங்கள் கிலோ கட்டணத்தில்தான் ஏறும். அனுமதியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

அதனால் பேக் ஹவுஸ் கட்டுங்கள், ஆனால் மதுரைக்கு வரப்போகும் சரக்கு விமானத்தை நம்பிக் கட்டாதீர்கள். திருச்சிக்கும் கொச்சிக்கும் ஒருசேர லாரி கிளம்ப வசதியான இடமாக, தோட்டத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ‘அபேடா’வின் அங்கீகாரத்துக்கு ஏற்றபடி கட்டினால், விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் அது பயன்படும். அடிக்கல் நாட்டு விழாவையும் அமைச்சர் பேட்டியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சுங்கப் பகுதி அறிவிக்கை, பாதுகாவலர் நியமனம், விமானக் கம்பெனியின் பருவ அட்டவணையில் ஊர்ப்பெயர், இந்த மூன்றும் காகிதத்தில் வந்த பிறகு மதுரைக்கு மாறலாம்.

இப்போதைக்கு உங்கள் பெட்டிகள் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. அந்த அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். எந்த வளைகுடா விமானம் நிற்கிறது, எது கூடுகிறது என்று ஒரு மாதம் முன்னதாகவே கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டு, இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.