மூன்று கியர் மிதிவண்டி: ஓட்டமும் மதிப்பும்



பழைய மிதிவண்டியைக் கண்டால் அரும்பொருள் என்று பெருவிலை சொல்வார் சிலர். துருப்பிடித்த இரும்பு என்று எடைக்குப் போடுவார் சிலர். இரு சாராரும் பார்ப்பது வண்டியின் மேற்பூச்சை. மதிப்போ உள்ளே இருக்கிறது. அதனை அறியும் வழியைக் காண்போம்.

பெங்களூர் மேடுபள்ளம் நிறைந்த ஊர். கோரமங்களா, ஹெப்பாள், விருஷபாவதிப் பள்ளத்தாக்குகளும் அவற்றினிடையே உயர்ந்த மேடுகளும் கொண்டது. இங்குக் கியர் வண்டியின் அருமை காலுக்குத் தெரியும். ஆனால், அம்பத்தூரில் 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதலாக, நம் நாட்டுப் பழைய வண்டிகள் பெரும்பாலும் கியர் மாற்ற இயலாதவை. ஆதலின் இங்கிலாந்து ராலே போன்ற வண்டியில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் இருக்கக் கண்டால் நின்று நோக்குதல் தகும்.

1936இல் வெளிவந்த ஏ.டபிள்யூ. வகையே இவற்றுள் புகழ் பெற்றது. இதன் கியர் முழுவதும் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் அடங்கியது. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவது போல, நடுப் பற்சக்கரத்தை நான்கு சிறு சக்கரங்கள் சுற்றுகின்றன. அவற்றைச் சூழ ஒரு பல்வளையம் உண்டு. முதற்கியரில் செயின் சுழற்றும் பற்சக்கரம் நான்கு முறை சுற்றினால், வண்டிச் சக்கரம் மூன்று முறை சுற்றும். இரண்டாவதில் இரண்டும் சமம். மூன்றாவதில் மூன்று சுற்றுக்கு நான்கு.

இக்காலக் கியர் வண்டிகளில் செயின் ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ஆதலின் மிதித்துக்கொண்டே மாற்றுகிறோம். இதிலோ மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தி, கியரை மாற்றி, பின் மிதிக்க வேண்டும். அழுத்தி மிதித்தபடி மாற்றினால் உள்ளுறுப்புகள் தேயும். நின்ற நிலையிலும் மாற்றலாம் என்பது இதன் தனி நலம்.

வாங்குமுன் மூன்று கியர்களிலும் ஓட்டிப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்க வேண்டா. இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையே பிடிப்பில்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. கால் திடீரென நழுவும். நழுவினால் கியர் கெட்டது என்று உடனே முடிவு செய்யலாகாது. இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பாருங்கள். உள்ளிருக்கும் கம்பியின் முனைவிளிம்பு ஆக்சிலின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இல்லையெனில் குறை கேபிளில் இருக்கலாம், திருகிச் சரிசெய்யலாம். அதன்பின்னும் நழுவினால் உள்ளே தேய்மானம் என்று கருதி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அடுத்து ஹப்பைத் துடைத்து, மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். 56 என்றிருந்தால் அது 1956ஆம் ஆண்டினது. ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். எஸ்.டபிள்யூ. என்றிருந்தால் எச்சரிக்கை வேண்டும். 1950களின் பிற்பகுதியில் வந்த அவ்வகை நழுவுவதற்கே பெயர் போனது. பிரேமின் இணைப்புகளில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் கண்டு மயங்காதீர்கள். சேகரிப்போர்க்கு மங்கிய பழம்பூச்சே உயர்வு. ஓட்டுவோர்க்கு இரண்டும் ஒன்றே.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கேபிள் தளர்வை அறிந்துகொண்டே, “கியர் போய்விட்டது” என்று சொல்லி எளியவரிடம் அடிவிலைக்கு வாங்குவது கற்றவர்க்கு அழகன்று. ஊரில் தாத்தாவின் வண்டி கொல்லையில் சாய்ந்து கிடந்தால், எடைக்குப் போடுமுன் அந்த ஹப்பை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.