நரம்புச் செல் சவ்வருகே மின்புலம்

கேள்வி: நரம்புச் செல்லின் சவ்வை ஒட்டிய மின்புலத்தை எந்தச் சமன்பாடுகளால் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஓய்வு நிலையில் நரம்புச் செல்லின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவு. சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். ஆகவே அதனுள் மின்புலம் மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். சவ்வுப் பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டக் கொழுப்பு மூலக்கூறுகள் நேர் அயனிகளை ஈர்க்கின்றன. வெப்ப அசைவு அவற்றைக் கலைக்கிறது. இவ்விரண்டும் எட்டும் சமநிலையை விவரிப்பது பாய்சான்–போல்ட்ஸ்மன் சமன்பாடு. தட்டையான பரப்புக்கு இதன் தீர்வை லூயி கூய் 1910-லும் டேவிட் சாப்மன் 1913-லும் தந்தனர். மின்னழுத்தம் சிறிதாக உள்ளபோது, உடல் திரவத்தில் சவ்விலிருந்து விலகும் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. சவ்விலுள்ள அயனிக் கால்வாய் வழியே அயனிகள் பாயும்போது சமநிலை இல்லை. அப்போது விரவலையும் மின்விசையால் நிகழும் நகர்வையும் சேர்த்துக் கணக்கிடும் பாய்சான்–நெர்ன்ஸ்ட்–பிளாங்க் சமன்பாடுகள் பயன்படுகின்றன.