டீச்சர், அந்த அட்டையை யாரோ ஏற்கெனவே செய்திருப்பார்!

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து, அட்டை வெட்டிப் படம் ஒட்டியே பல டீச்சர்களின் ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. வெட்டுவதற்கு முன் ஆசிரியர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கிடைத்ததை அப்படியே அச்சடிக்க வேண்டாம். ‘மெட்ரோ ரயிலில் 35 பேர் ஏறினர்’ என்ற கணக்கை, கிளியனூர் வழியாகப் போகும் திண்டிவனம் – புதுச்சேரி பஸ்ஸாக மாற்றுங்கள். ஆப்பிளுக்குப் பதில் நம்ம ஊர் மல்லாட்டை. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மாற்றியதைக் குழுவில் திரும்பப் போடுவதுதான் நியாயம். முதலில் செய்தவர் பெயரை அழிக்காதீர்கள்.

பி.டி.எஃப். ஒன்று, திருத்தும்படி வேர்டு கோப்பு ஒன்று என இரண்டாக அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’கூட ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். கோப்பின் பெயர் ‘புதுசு கடைசி 2’ என்று இருந்தால் யார் தேடுவது? ‘3-ஆம் வகுப்பு, கணக்கு, 2-ஆம் பருவம், கழித்தல்’ என்று வையுங்கள்.

மாணவர் பெயரோ முகமோ தெரியும் படங்கள் கூடவே கூடாது. வண்ணப் பின்னணியும் வேண்டாம். அழகுதான், ஆனால் ஜெராக்ஸில் கரியாகிவிடும்.