பெரியவர்களுக்கும் வரும் கரப்பான்

ஆசிரியப் பணி ஓய்வுக்குப்பின், புக்கிட் பெருந்துங்கில் ஆலயத்தைச் சுற்றிக் களை பிடுங்கிய நாட்களில், முதன்முறையாக எனக்குக் கரப்பான் கண்டது. பிறருக்குத் தொற்றுமோ என்றஞ்சி அன்னதானம் பரிமாறுவதையே நிறுத்தினேன்.

கரப்பான் தொற்றுநோயன்று, ஒவ்வாத பொருள் தோலில் பட்டாலும் வரும் என்றார் மருத்துவர்.

1950களில் புனேயில் காணப்பட்டு இந்தியாவெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி, குடியானவர் பலருக்கு நடுவயதில் இத்தகைய தோல் நோயைத் தந்தது. 2013இல் அது நம் சிலாங்கூரிலேயே, பத்தாங் காலியில் கண்டறியப்பட்டது.

ஆகவே களை பிடுங்குவோர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிக. வேலை முடிந்ததும் குளித்து, ஈரம் உலருமுன் வாசனையற்ற களிம்பு தடவுக. அரிப்பு நீடித்தால் மருத்துவரை நாடுக. கரப்பான் கண்டவரைப் பந்தியில் ஒதுக்காதீர்கள்.

புண் ஆறியது, இன்று மீண்டும் பரிமாறுகிறேன்.