டிரையருக்கு ஆன்–ஆஃபா, பி.ஐ.யா, பி.ஐ.டி.யா?

மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று கைக்கு வந்ததும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டு நிரல் எழுதிப் பார்க்கத் தோன்றும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எல்லா இடத்துக்கும் அது வேண்டியதில்லை.

வாட்டும் தொட்டிக்கு ஆன்–ஆஃப் போதும். கொழுந்து வாடப் பல மணி நேரம் ஆகும். மழை நாளில் சூடான காற்றைக் கலக்கும்போது ஒரு பாகை கூடிக் குறைவதால் ஒன்றும் கெடாது. ரிலே படபடவென்று அடிக்காதபடி இடைவெளி விட்டால் சரி.

டிரையர் வேறு சங்கதி. தட்டுகள் சுற்றிவரும் டிரையருக்குள் போகும் காற்று 90 முதல் 100 பாகை செல்சியஸ் இருக்கும். வெளியேறும் காற்று 50ஐ ஒட்டி நிற்கும். வெளியேறும் காற்று ஆறிவிட்டால் தூள் காய்வதற்குப் பதில் அவிந்துபோகும். உள்ளே போகும் சூடு மிஞ்சினால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். கடைசியில் தூளில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே இருக்க வேண்டும். அடுப்போ விறகில் எரிகிறது. விறகு போடும்போதெல்லாம் சூடு ஆடும்.

அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியை ஆன்–ஆஃபில் விட்டால் அந்த ஆட்டம் கூடும். 'பி', அதாவது பிழையின் அளவுக்கேற்ப விசிறியை மாற்றுவது, மட்டும் போட்டால் சூடு குறித்த அளவுக்குக் கீழேயே நின்றுவிடும். பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் 'ஐ' அதைச் சரிசெய்யும். சூடு மாறும் வேகத்தைப் பார்க்கும் 'டி' வேண்டாம் என்பேன். மெக்ஸ்6675 சிப், தெர்மோகப்பிளைக் கால் பாகைப் படிகளில்தான் வாசிக்கும். நொடிக்கு ஒருமுறை வாசித்தால், ஒரு படி மாறியதுமே நிமிடத்துக்கு 15 பாகை ஏறுவதாக 'டி' கணக்கிடும். விசிறி வீணாக உதறும். மின்கம்பியில் சூடாகும் சிறிய மாதிரி அடுப்பு என்றால், வாசிப்பை வடிகட்டிவிட்டு 'டி' சேர்க்கலாம்.

பி.ஐ. எழுதும்போது ஒன்றை மறக்கவே கூடாது. விறகு தீர்ந்து சூடு இறங்கினால் விசிறி 100 சதவீதத்துக்குப் போய்விடும். 'ஐ' மட்டும் கூடிக்கொண்டே இருக்கும். பிறகு விறகு போட்டுச் சூடு அளவைத் தாண்டினாலும், சேர்ந்த கணக்குத் தீரும்வரை விசிறி வேகம் குறையாது. தூள் கருகுவது அப்போதுதான். வெளியீடு உச்சத்தில் நிற்கும்போது கூட்டலை நிறுத்துங்கள். நிரலில் ஒரேயொரு நிபந்தனைதான் அது.

டியூனிங்குக்கு, 1942இல் சீக்லரும் நிக்கல்ஸும் சொன்ன முறைகளில் ஒன்று சூட்டை ஓயாமல் ஆடவிட்டு அளப்பது. கொழுந்து ஓடும் டிரையரில் அதைச் செய்யவே கூடாது. 2003இல் ஸ்கோகெஸ்டாட் வெளியிட்ட விதி பொருத்தமானது. வெறும் டிரையரில், விறகைச் சீராகப் போட்டுக்கொண்டு, விசிறியை 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். சூடு ஒரு நிமிடம் கழித்து அசையத் தொடங்கி, அதன்பின் 5 நிமிடத்தில் ஏற்றத்தின் 63 சதவீதத்தைத் தொட்டு, மொத்தம் 8 பாகை ஏறி நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதத்துக்கு 0.8 பாகை. 5ஐ, 0.8ஐயும் தாமதமான ஒரு நிமிடத்தின் இருமடங்கையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் 3.1: பாகை ஒன்றுக்கு விசிறி மாற வேண்டிய சதவீதம் அது. 'ஐ' நேரம் 5 நிமிடம். இன்னும் ஆடினால் 3.1ஐப் பாதியாக்குங்கள்.

எந்த முறையை எடுத்தாலும், சூடு எல்லை மீறினால் விசிறியை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பலகையோடு சேர்க்காமல் தனி வயரில் போடுங்கள். அது இல்லாமல் டிரையரை இரவு ஷிப்டுக்கு விடாதீர்கள்.