கோயிலில் ஒழுங்கு யாருக்காக?



'ஒழுங்கு' என்றதும் நம் தோட்ட மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரட்டுக்களந்தான். வரிசை, பேர்ப்பதிவு, பிந்தி வந்தால் ஏச்சு. ஆகவே கோயிலிலும் ஒழுங்கு வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இங்கும் ஒரு கங்காணி வந்துவிட்டாரோ என்று மனம் சுருங்குவது இயல்பே. ஆனால் வேதாகமம் காட்டும் ஒழுங்கு வேறு.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பரவச மொழியில் பேசுவோர் இருவர் அல்லது மூவர், ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும். ஒருவர் பொருள் சொல்லட்டும். பொருள் சொல்ல ஆளில்லையேல் சபையில் பேசாதிருக்கட்டும் என்கிறார். கேட்பவன் விளங்கி 'ஆமென்' சொல்லவேண்டும் என்பதே அவருடைய கவலை. பரவச மொழி வேறு, நம் நாட்டு மொழிகள் வேறு என்பது சரிதான். ஆயினும் சிங்களமும் தமிழும் பேசுவோர் ஒரே கோயிலில் கூடும்போது, அறிவித்தலை ஒரு மொழியில் மட்டும் வாசித்துவிட்டு இறங்குவது எவ்வகை ஒழுங்கு?

அப்போஸ்தலர் பணி 6-ம் அதிகாரம் இதைவிடத் தெளிவு. எருசலேம் திருச்சபையில் எழுந்த முறைப்பாடே மொழியைப் பற்றியதுதான். அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் குழப்பக்காரர் என்று சொல்லவில்லை. எல்லாரையும் கூட்டி, நற்பெயருள்ள எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலிய அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பினரிடமே பந்திப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று எண்ண இடமுண்டு. நம் கோயில் கமிட்டிகளில் குறை சொல்பவரை அடுத்த வருடம் நீக்கிவிடுவதல்லவா வழக்கம்!

பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்ட நம் மறைமாவட்டம் கண்டியிலிருந்து பிரிந்து 1972-ல் உருவாயிற்று. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய ஆசனத்தை விட்டு இங்கே முதல் ஆயராக வந்தார். சிதறிக் கிடக்கும் சிறு மந்தை இது. தூரத்துத் தோட்டங்களுக்குச் சுவாமி எல்லா ஞாயிறும் வர இயலாது. அந்நாட்களில் செபத்தை நடத்துவது யார், நோயாளியைப் பார்க்கப் போவது யார், உண்டியல் சாவி யாரிடம் என்பதெல்லாம் முன்கூட்டித் தீர்மானிக்கப்படாவிட்டால், குரல் உயர்ந்தவர் கையில்தான் கோயில் போய்ச் சேரும்.

நேரத்தையும் பாருங்கள். கொரிந்தில் சிலர் முந்தி உண்டு வெறித்தார்கள், சிலர் பசித்திருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று சின்னப்பர் எழுதினார் (11-ம் அதிகாரம்). ஞாயிறன்றும் மலையில் வேலை கொடுக்கப்படும் காலங்களில், கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவரும் தாய் பூசைக்குப் பிந்தினால் அவளை முறைத்துப் பார்ப்பது எளிது. பூசை நேரத்தை அவளிடம் கேட்டு வைப்பதே ஒழுங்கு.

முன்வரிசை நாற்காலியைப் பற்றி யாகப்பர் தம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் பொன் மோதிரக்காரனை வைத்துச் சொல்லியிருக்கிறார், விளக்கம் தேவையில்லை. வழிபாட்டில் தனியாட்களுக்கோ வகுப்பினருக்கோ விசேட மரியாதை கூடாதென்று 1963-ல் வத்திக்கான் சங்கமும் விதித்தது. வழிபாட்டுப் பணியாலும் குருத்துவப் பட்டத்தாலும் வரும் வேறுபாடும், அரசு அதிகாரிகளுக்கு வழிபாட்டுச் சட்டப்படி உரிய மரியாதையும் மட்டுமே விலக்கு. தலைவர்மாருக்கு இது கசக்கலாம்.

கடைசியாகப் பணம். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைச் சின்னப்பர் தனியே எடுத்துப்போகவில்லை; எவரும் குறைசொல்ல இடமிராதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரி. 8). 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்கிறது (1287-ம் விதி). ஆகவே இவ்வருடத் திருவிழாக் கணக்கை, மலைக்குப் போகும் பெண்களும் இருந்து கேட்கக்கூடிய நேரத்தில், இரு மொழியிலும் வாசிக்கும்படி உங்கள் பங்குச் சபையில் கேளுங்கள். கேட்பவர் நீங்களாக இருப்பதில் தவறொன்றுமில்லை.